அம்மாவின் தலையிடி, இரட்டைப் பார்வை, கால் நோ எல்லாம் ஒரே வருத்தமாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

கிளுவைவேலி
செவ்வாய், இரவு 10.20

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன், நீண்டுபோனால் குறை நினைக்க வேண்டாம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. நாலு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சை, கீமோ, கதிர் எல்லாம் முடிந்து, தெல்லிப்பழைக் கிளினிக்குக்கு ஒரு திகதியும் தவறாமல் போய், ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். போகிற வழியில் துர்க்கை அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளினிக். "நான் தப்பிட்டன்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்த மனுசி.

சித்திரை முடிய விடியப்புறத்தில் தலையிடி தொடங்கியது. எழும்பியவுடன் இடிக்கும், சில நாளில் வயிற்றைப் பிரட்டாமலே திடீரென்று சத்தி வரும், வந்தவுடன் சுகமாகிவிடும், தேத்தண்ணி குடித்துவிட்டு முற்றம் கூட்டப் போய்விடுவார். பித்தம் என்று விட்டுவிட்டோம். பிறகு எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், புதுக் கண்ணாடி தந்தார்கள், அதிலும் இரண்டு இரண்டாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் வேலையால் வந்து பார்க்கிறேன், குசினி வாசலில் இருந்து இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கையால் மட்டும் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அதற்குப் பிறகு நாடி, அதுதான் மோவாய், விறைக்கிறது என்று பல் வைத்தியரிடம் போனோம். கீழ் முதுகில் நாரி நோகிறது, நோ காலுக்கு இறங்குகிறது என்று ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம், அங்கே வாதம் என்று எண்ணெயும் நோக் குளிசையும் தந்தார்கள். அம்மாவுக்கு முன்பு என்ன வருத்தம் இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அது முடிந்த கதை என்று நினைத்தோம்.

மூன்று கிழமைக்கு முன் கிணற்றடியில் கால் மடங்கி விழுந்தார். அதோடு ஆஸ்பத்திரி. ஸ்கான், முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுத்தது, முதல் தரம் ஒன்றும் இல்லை என்றார்கள், இரண்டாம் தரம் எடுத்துவிட்டு நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றியிருக்கிற உறையில் பரவியிருக்கிறது என்றார்கள்.

எனக்கு மூன்று கேள்வி. இது மூளைப் புற்றுநோயா? முதல் தரம் ஏன் ஒன்றும் இல்லை என்றார்கள், பிழை விட்டார்களா? அக்கா கனடாவில் ஸ்காபரோவில் இருந்து ஒரே பிடியாக இந்தியாவுக்குக் கொண்டுபோ என்கிறா, கொண்டுபோகலாமா? அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.


பனங்காய்ப்பணியாரம்
செவ்வாய், இரவு 10.41

தம்பி, வாசித்து மனம் சரியில்லை. உங்களில் பிழை இல்லை. எங்கள் வீட்டிலும் தலையிடி என்றால் கொத்தமல்லி, நாரி நோ என்றால் எண்ணெய், அதற்கு மேலே யோசிப்பதே இல்லை.


ஆடிக்கூழ்
செவ்வாய், இரவு 11.05

அன்னமுன்னா இலை அவித்துக் குடுங்கோ. என்ர மச்சானின்ர கூட்டாளிக்கு வைத்தியர்கள் கைவிட்டது. இப்ப சைக்கிள் ஓடுறார்.


இரவுக்கடமை
புதன், அதிகாலை 2.15

வைத்தியசாலையில் வேலை செய்கிறேன், எங்கே என்று சொல்லப்போவதில்லை. இது உங்கள் அம்மாவைப் பார்க்கிற டொக்டர் சொல்வதற்குப் பதில் இல்லை, அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள உதவினால் போதும்.

மூளைப் புற்றுநோய் இல்லை. மார்பில் இருந்த அதே புற்றுநோய்தான், இடம் மாறி வந்து இருக்கிறது. மூளைக்குள்ளே கட்டியாக வருவது ஒரு வகை, இது வேறு. மூளைக்கு மூன்று உறை உண்டு. வெளியே தோல் மாதிரித் தடித்தது. அதற்கு உள்ளே சிலந்திவலை போல ஒன்று. அதற்கும் உள்ளே நுங்கை ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல் போல ஒன்று, மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அது இறங்கி ஒட்டிக் கிடக்கும். உள்ளே இருக்கிற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தத் தண்ணி ஓடுகிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு மூளையமுண்ணாண் பாய்பொருள் என்ற பெயர் ஞாபகம் வரும், பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்திருப்போம். பெரிய ஆளில் ஒரு நேரத்தில் கிட்டத்தட்ட 150 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஆனால் ஒரு நாளைக்கு அரை லீற்றர் அளவு புதிதாக ஊறுகிறது, பழையது வடிகிறது. தலையில் இருந்து நாரி வரை அதற்கு ஒரே ஓட்டம்.

தோட்டம் செய்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். பார்த்தீனியம் ஒரு வரம்பில் நின்றால் அந்த வரம்பில் பிடுங்கலாம். அதன் விதை வாய்க்காலில் விழுந்தால்? நீங்கள் இறைக்கிற தண்ணியே அதைப் பாத்தி பாத்தியாகக் கொண்டுபோய் விதைத்துவிடும். புற்றுநோய்க் கலங்கள் இந்தத் தண்ணிக்குள் விழுந்தால் அதுதான் நடக்கிறது. கண்ணை அசைக்கிற நரம்பு வெளியேறுகிற இடத்தில் தங்கினால் இரட்டைப் பார்வை, நாடிக்குப் போகிற நரம்பில் தங்கினால் விறைப்பு, நாரியில் இருக்கிற நரம்பு வேர்களில் தங்கினால் காலுக்கு இறங்குகிற நோ, தண்ணி வடிகிற இடத்தை அடைத்தால் தலைக்குள் அழுத்தம் கூடி விடியப்புறத் தலையிடியும் சத்தியும். நீங்கள் வேறு வேறு என்று நினைத்த நாலு வருத்தமும் ஒரு வாய்க்காலில் இருந்து வந்தவை. புற்றுநோய் இருந்த ஒருவருக்கு ஒன்றோடொன்று சேராத இரண்டு மூன்று இடத்தில் நரம்புக் கோளாறு வந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும், அப்படி நினைக்கிறவர்கள் குறைவு, எங்கள் ஆட்களிலும் குறைவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தரம் ஒன்றும் இல்லை என்றது பிழை இல்லை. எடுத்த தண்ணியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் கலத்தைத் தேடுகிறார்கள். நோய் உள்ளவர்களிலேயே முதல் ஊசியில் கலம் பிடிபடுவது பாதிப் பேருக்குச் சற்று மேல். இரண்டாம் தரமும் எடுத்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் கிட்டப் போகும். குறைந்தது 10 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும், கெதியாக ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், சுணங்கினால் கலம் சிதைந்துவிடும். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தத் தண்ணியில் புரதம் கூடி, சீனி குறைந்திருப்பது காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அப்படித்தான். அந்தப் பக்கமாக யோசித்துக் கிழமைகள் போன கதைகள் உண்டு. உங்களுக்கு இரண்டாம் தரம் எடுத்தவர் யோசித்து எடுத்திருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு நாளைக்கு வருகிறேன். வாட்டில் கூப்பிடுகிறார்கள்.

ஆடிக்கூழ், அன்னமுன்னா இலை பற்றித் தனி இழை தொடங்குங்கோ, அங்கே வந்து சண்டை பிடிக்கிறேன்.


ஸ்காபரோச்சிவன்
புதன், காலை 6.30

வணக்கம். உங்கட அக்கா சொல்லுறதில நியாயம் இருக்கு. அமெரிக்காவில எல்லாம் புரோட்டோன் கதிர் என்று ஒன்று இருக்கு, தலையில இருந்து நாரி வரைக்கும் முழுவதுக்கும் அடிக்கிறது, நியூயோர்க்கில 2022ல ஆராய்ச்சி வெளிவந்து நல்ல பலன். சென்னையிலயும் புரோட்டோன் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க வைச்சிருந்து என்ன செய்யப் போறீங்கள்? யாழ்ப்பாணத்தில என்ன இருக்கு?


முனைக்கடல்
புதன், காலை 7.02

சிவன் அண்ணை, யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கு என்ற கேள்வியை எத்தனை வருடத்துக்குக் கேட்பீர்கள்? 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் ஆட்கள் நடந்து காசு சேர்த்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. அவர்கள் வந்து சேர்ந்த அன்று நான் பருத்தித்துறை வெயிலில் நின்று கை தட்டினவன். அதற்கு முதல் மார்பில் ஒரு கட்டி என்றாலும் கொழும்புப் பக்கம் மகரகமைக்கு 400 கிலோமீற்றர் பஸ்ஸில் போய் வெறாந்தாவில் படுத்தெழும்பினவர்கள் எங்கள் ஆட்கள். எல்லாம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.


ஸ்காபரோச்சிவன்
புதன், காலை 7.15

மன்னிக்கவும். எழுதினது பிழை. பயத்தில எழுதினது, எனக்கும் அம்மா அங்கதான்.


மஞ்சள்மருந்து
புதன், மதியம் 1.10

என் மகனுக்கு அஞ்சு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. அவனுக்கு உறையில் பரவவில்லை, பரவக்கூடாது என்பதற்காகவே முன்கூட்டி முதுகில் ஊசி போட்டு அந்தத் தண்ணிக்குள் மருந்து விட்டார்கள். கையில் ஏற்றுகிற கீமோ பெரும்பாலும் அந்தத் தண்ணிக்குள் போய்ச் சேராதாம், மூளைக்கு ஒரு காவல் இருக்கிறது, அது நஞ்சையும் விடாது மருந்தையும் விடாது. அதனால்தான் நேரே விடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேற் என்று பெயர், மஞ்சள் நிறம், சின்னச் சிரிஞ்சில் வரும். பிள்ளையை இறால் மாதிரிச் சுருட்டிப் பிடிக்கச் சொல்வார்கள், நான் தலையைப் பிடிப்பேன், தாதி மிஸ்ஸி காலைப் பிடிப்பா, அவன் என் காதுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணுவான். முடிந்தவுடன் சரிந்தபடி தட்டையாகக் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும், எழும்பி ஓடினால் தலையிடிக்கும். அவன் ஓடுவான். இப்போது பதினொரு வயது, அண்டை வீட்டு ஓட்டை உடைக்கிறான் பந்தால்.

பெரியவர்களுக்கு வந்த பிறகு போடுவது வேறு கதை என்று தெரியும். ஆனால் முதுகு ஊசி என்றால் ஆட்கள் கால் வழங்காமல் போய்விடும் என்று பயந்து மறிக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அதற்குத்தான் எழுதினேன்.


இரவுக்கடமை
புதன், இரவு 9.48

விட்ட இடத்தில் இருந்து. சிவன் சொன்ன ஆராய்ச்சி உண்மை. நியூயோர்க் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங்கில் செய்தது, மார்பு, நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவினவர்கள் 63 பேர். முழுத் தண்டுக்கும் புரோட்டோன் கதிர் பெற்ற 42 பேரில் பாதிப் பேராவது 9.9 மாதம் இருந்தார்கள், நோவுள்ள இடத்துக்கு மட்டும் சாதாரணக் கதிர் பெற்ற 21 பேரில் 6 மாதம். நோய் நரம்புத் தொகுதியில் திரும்பத் தலைகாட்டாமல் இருந்த காலமும் 7.5 மாதத்துக்கு 2.3 மாதம். நல்ல வித்தியாசம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நடந்து திரியக்கூடிய நிலையில் இருந்து, தகுதி என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். இலங்கையில் புரோட்டோன் இல்லை, சென்னையில் 2019இல் தொடங்கியது இருக்கிறது, யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து விமானமும் இருக்கிறது. ஆனால் சூட்கேஸ் கட்டுவதற்கு முதல் அம்மாவின் ஸ்கான் சீடி, கட்டியின் பழைய அறிக்கை, தண்ணி அறிக்கை மூன்றையும் அங்கே அனுப்பி, இவருக்கு இதைச் செய்வீர்களா என்று ஆம் இல்லைப் பதில் வாங்குங்கோ. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறவரை விமானத்தில் ஏற்றலாமா என்று இங்கே பார்க்கிற டொக்டரிடமும் கேட்க வேண்டும். போய் வாசலில் நின்று இல்லை என்று கேட்டு வந்த குடும்பங்களைத் தெரியும். காசும் போய், கிடைத்த கொஞ்ச நாளும் லொட்ஜில் போய்விடும்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் பொதுவாக நாலில் இருந்து ஆறு கிழமை. வைத்தியம் செய்தால் பெரும்பாலும் சில மாதங்கள். சிலர் வருடம் தாண்டுவார்கள், அது புற்றுநோயின் குணத்தைப் பொறுத்தது. மார்பு என்றால் ஹேர்-2 என்ற புரதம் கட்டியில் கூடுதலாக இருக்கிறதா இல்லையா, நுரையீரல் என்றால் மரபணு மாற்றம் இருக்கிறதா. பழைய அறிக்கையில் இருக்கும், தேடிப் பாருங்கோ. முதுகில் ஒவ்வொரு தரமும் ஊசி போடாமல் தலைத்தோலுக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ் வைத்து அதன் வழியாக மருந்து விடுவதும் உண்டு, ஒமாயா என்று பெயர், பாகிஸ்தானில் பிறந்த அயூப் ஒமாயா என்ற நரம்பியல் சத்திரசிகிச்சையாளர் 1963இல் கொண்டுவந்தது. அந்த மருந்து தண்ணியில் மிதக்கிற கலத்துக்கும் மெல்லிய படலத்துக்கும் வேலை செய்யும், திரண்டு கட்டியாகிவிட்ட இடத்தில் சில மில்லிமீற்றருக்கு மேல் ஊறாது, அங்கே கதிர் வேண்டும். வாய்க்கால் அடைத்திருந்தால் மருந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.


கருங்காலி
புதன், இரவு 10.30

சில மாதங்கள் என்று வாசித்துவிட்டு யாரும் மனம் விடவேண்டாம். அப்பாவுக்கு நுரையீரல், வாழ்க்கையில் ஒரு சுருட்டுப் பிடித்தவர் இல்லை. கட்டியில் ஈ.ஜி.எப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. முதல் போட்ட குளிசைக்கு ஒன்றரை வருடம் அடங்கியிருந்துவிட்டு உறைக்குப் போனது. ஒசிமெர்டினிப் என்ற அடுத்த குளிசைக்கு மாற்றினார்கள், அது தலைக்குள் போகிற மருந்தாம். பத்து நாளில் என் பெயரைச் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார், அதில் பன்னிரண்டு மாதம் தானே சவரம் செய்தார். விலை சொல்லி முடியாது, தம்பி ஜேர்மனியில் இருந்து கட்டினான், அவன் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. எல்லோருக்கும் இந்தக் குளிசை பொருந்தாது, அந்த மாற்றம் இருந்தால்தான்.


கிளுவைவேலி
வியாழன், இரவு 8.12

எல்லோருக்கும் நன்றி. பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன், அம்மா அதைச் சீட்டுக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தார். ஹேர்-2 இல்லை. ஓமோன் சம்பந்தப்பட்ட வகை.

இப்போது வீட்டில் பெரிய பிரச்சினை அம்மாவுக்குச் சொல்வதா என்பது. பெரியம்மா கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டா, சொல்லக்கூடாது, சொன்னால் அன்றைக்கே போய்விடுவா என்று. அக்காவும் அப்படித்தான். வாட்டில் எல்லோரும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அம்மா ஒன்றும் கேட்கிறாவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.


உறுதிக்காணி
வியாழன், இரவு 11.55

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

ஐயாவுக்கு இதே வருத்தம். நாங்கள் நாலு பிள்ளைகளும் சேர்ந்து மறைத்தோம். கிளினிக் கொப்பியைக்கூட அவர் கையில் குடுப்பதில்லை. ஐயா தபாற்கந்தோரில் வேலை செய்த மனிசன், அடுத்தவர் கடிதம் எதையும் பிரிக்காமலே உள்ளே என்ன என்று சொல்லக்கூடியவர், அவருக்கா தெரியாது? தெரிந்திருக்கிறது. நாங்கள் அழக்கூடாது என்று அவரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். கடைசித் தங்கச்சிக்குச் சீதனமாக வீட்டுக்காணியை எழுத வேண்டும் என்று ஒரு நாள் பின்னேரம் சொன்னார். ஆவணி பிறக்கட்டும் ஐயா, நாள் பார்த்து எழுதுவம் என்றேன் நான். நான்தான் சொன்னேன். ஆவணிக்குள் அவருக்கு ஆள் மாறாட்டமாகக் கதை வந்துவிட்டது, என்னைத் தன் தங்கச்சி என்றார். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்கு வந்து, முன்னால் கதிரையில் இருந்து, ஐயா இது என்ன ஆண்டு என்று கேட்டார். ஐயா சிரித்தார். நொத்தாரிசு பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவர் செய்தது சரி. இன்றைக்கு அந்தக் காணிக்காகத் தேசவழமைச் சட்டம், பங்கு என்று நாலு பேரும் கதைபேச்சு இல்லை.

காணி போகட்டும். அவருக்குச் சொல்ல வேறென்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இந்த வருத்தம் காலைத்தான் முதலில் எடுக்கும் என்றில்லை, கதையையும் எடுக்கும். தம்பி, அம்மா இப்போது தெளிவாகக் கதைக்கிறா என்றால் அதுதான் உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து. பெரியம்மாவின் சத்தியத்தை நான் உடைப்பேன்.


பனங்காய்ப்பணியாரம்
வெள்ளி, காலை 5.50

வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, உறுதிக்காணி அக்கா. என் மாமிக்குச் சொன்னோம், அன்றோடு சாப்பாட்டை விட்டுவிட்டா.


இரவுக்கடமை
வெள்ளி, காலை 6.25

இரண்டும் நடக்கும். அதனால் நான் சொல்வதற்கு முதல் கேட்பேன். "உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீங்கள்?", "எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விருப்பம்?" இரண்டு கேள்வி போதும். பத்தில் ஏழெட்டுப் பேர் எனக்கு முதல் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம், மகனோடு கதையுங்கோ என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட வேண்டும். டொக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கோ தம்பி, நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம்.


வெள்ளைச்சப்பாத்து
வெள்ளி, இரவு 7.40

நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய விஷயத்தை டொக்டர்மார் பார்க்கட்டும், வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு வேண்டியதை நான் சொல்கிறேன்.

இரட்டைப் பார்வைக்கு அம்மா கையால் கண்ணைப் பொத்தத் தேவையில்லை, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கோ, உடனே ஒன்றாகத் தெரியும். இரண்டு நாளுக்கு ஒருக்கால் பக்கம் மாற்றுங்கோ. டெக்சாமெதசோன் குளிசை தந்திருப்பார்கள், தலையிடிக்கும் சத்திக்கும் அதுதான் கெதியாகக் கேட்கும். காலையிலும் மத்தியானத்திலும் சாப்பாட்டோடு குடுங்கோ, பின்னேரம் குடுத்தால் இரவிரவாக விழித்திருந்து அலுமாரி அடுக்குவா. சீனி ஏறும், பார்க்க வேண்டும். தாங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மோர்பீன் குடுத்தால் முடிவு என்று ஊரில் ஒரு கதை, அது பொய், அளவாகக் குடுத்தால் ஆள் எழும்பி இருந்து கதைக்கும், ஆனால் மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கோ. படுக்கையில் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் திருப்ப வேண்டும், குதிக்காலையும் இடுப்பெலும்பையும் ஒவ்வொரு நாளும் விளக்கைப் பிடித்துப் பாருங்கோ. தண்ணி குடிக்கும்போது இருமினால் கஞ்சி மாதிரித் தடிப்பாக்கிக் குடுங்கோ.

ஒன்றுக்கு மட்டும் விடியும் வரை பார்க்க வேண்டாம். சிறுநீர் போகாமல் நின்றாலோ, கால் திடீரென்று இன்னும் விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 1990க்கு அடியுங்கோ, அம்புலன்சுக்குக் காசில்லை.


ஆடிக்கூழ்
சனி, காலை 9.00

மிஸ்ஸி, மோர்பீன் விஷயம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அன்னமுன்னா கதையை நான் திரும்ப எடுக்கவில்லை.


கிளுவைவேலி
அடுத்த திங்கள், இரவு 9.35

கொஞ்ச நாள் வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை டொக்டர் அம்மாவின் கட்டிலில் ஓரமாக இருந்து கேட்டார், உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீங்கள் அம்மா என்று. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தா. "பழைய வருத்தம்தானே டொக்டர், தலைக்கு ஏறிட்டுது. இவன் சொல்லப் பயப்பிடுறான்" என்றா. நான் வெறாந்தாவுக்குப் போய்விட்டேன். திரும்பி வர, எவ்வளவு நாள் என்று கேட்டுக்கொண்டிருந்தா. மாதக்கணக்கு அம்மா, வருசக்கணக்கு இல்லை என்றார் டொக்டர். சரி என்றா. அவ்வளவுதான். பெரியம்மா நினைத்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, அன்றைக்கு இரவு வழமையை விட ஒரு இடியப்பம் கூடச் சாப்பிட்டா.

சென்னைக்கு அக்கா எல்லா அறிக்கையும் அனுப்பினா. நேரில் கொண்டுவந்து பார்த்துத்தான் சொல்லலாம், நடக்க முடியாத நிலை என்றால் கடினம் என்று பதில் வந்தது. அக்கா போகத்தான் வேண்டும் என்று நின்றா. அம்மா போனை வாங்கி, "பிள்ளை, அந்தக் காசுக்கு ரிக்கற் எடுத்து நீ வா" என்றா. அக்கா வியாழன் வருகிறா.

நாரிக்கும் தலைக்கும் கதிர் தொடங்கியிருக்கிறது, முதுகு வழியாக மருந்தும் விடப் பார்க்கிறார்கள், உடம்பு தாங்கினால் பிறகு கீமோக் குளிசை. நோ பாதியாகக் குறைந்திருக்கிறது. காலில் பெரிய மாற்றம் இல்லை.

வெள்ளைச்சப்பாத்து அம்மா, பிளாஸ்டர் ஒட்டினேன். ஒட்டியவுடன் அம்மா கேட்டது சீட்டுக் கொப்பியை. எங்கள் ஒழுங்கையில் பதினாலு பேர் சீட்டு, அம்மாதான் அதை நடத்துகிற தாய்ச்சி. தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கை முடித்துக் கையளிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொருவராக வரச் சொல்கிறா. பிளாஸ்டர் ஒட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை வரிசையில் வைத்து, நீ மாசியில் குடுத்தது, பங்குனியில் பாதிதான் குடுத்தது என்று வாசிக்கிறா, நான் எழுதுகிறேன். ஒன்பது பேர் முடிந்துவிட்டது. ஒருவர் இரண்டு மாதக் காசு கட்டவில்லை, வருத்தக்காரியிடம் எப்படிக் கதைப்பது என்று ஒளித்துத் திரிகிறார். அம்மா அவரை விடுவதாக இல்லை.

உறுதிக்காணி அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சத்தியத்தை நான் உடைக்கவில்லை, அம்மா உடைத்துவிட்டா.

ஒரு உதவி. அடுத்த கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள். தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கோ விலைக்கோ யாரிடமாவது இருக்கிறதா? கொக்குவிலுக்குக் கிட்ட என்றால் நல்லம்.


கருங்காலி
திங்கள், இரவு 9.52

அப்பாவின் கட்டில் இருக்கிறது. இணுவில். காசு வேண்டாம், திருப்பித் தந்தால் சரி.


கிளுவைவேலி
திங்கள், இரவு 9.54

அண்ணை, நாளைக்குப் பின்னேரம் வரலாமா? லான்ட்மாஸ்ரர் உழவு மெஷின் ஒன்று பெட்டியோடு பிடித்துக்கொண்டு வருகிறேன்.


கருங்காலி
திங்கள், இரவு 10.01

வாங்கோ. இரண்டு பேராவது வேணும், பாரம். தலைப்பக்கச் சுழற்றி கொஞ்சம் இறுக்கம், தேங்காயெண்ணெய் விட்டால் சுற்றும். கால்மாட்டில் இடது சக்கரத்துக்குப் பூட்டுப் பிடிக்காது, அதுக்கு மட்டும் ஒரு செங்கல் வையுங்கோ.